யாருடைய வாக்கியம்?

ஒரு வாக்கியம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. என் தங்கையின் பேத்தி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், என்னிடம் இதைத்தான் கேட்டாள். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமஸோவ் சகோதரர்கள்' பற்றி வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். கடவுள் இல்லையென்றால் எல்லாமே அனுமதிக்கப்பட்டதுதான் என்று தாஸ்தாயெவ்ஸ்கி எழுதியிருப்பதாக அதில் ஒரு வரி. ஆசிரியை அதன் கீழே பென்சிலால் கோடிழுத்து, ஓரத்தில் 'பக்கம்?' என்று குறித்திருந்தார். "உங்க கட்டுரையிலேர்ந்துதான் எடுத்தேன் தாத்தா. பக்கம் மட்டும் சொல்லுங்க போதும்" என்றாள்.

அவள் சொன்ன கட்டுரை எழுபதுகளின் இறுதியில் வந்தது. அதை வெளியிட்ட பத்திரிகை சில இதழ்களோடு நின்றுபோயிற்று. கட்டுரையில் அந்த வாக்கியத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன். அதை ஆதாரமாக வைத்து, தாஸ்தாயெவ்ஸ்கி கடவுளிடம் போனது விசுவாசத்தால் அல்ல, பயத்தால் என்று ஸ்தாபித்திருந்தேன். நண்பர்கள் சிலர் அதைப் பாராட்டியதும் உண்டு. யாரும் பக்கம் கேட்கவில்லை.

நாவலை நான் படிக்காமல் எழுதவில்லை. படித்திருந்தேன். படித்தவன் என்ற தைரியத்தில்தான் தேடிப் பாராமல் எழுதினேன். இப்போது தேடினேன். கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் 1912 ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பு என்னிடம் உண்டு. நான்கு பகுதிகள், பன்னிரண்டு புத்தகங்கள், ஒரு பின்கதை. மூன்று நாட்கள் ஆயின. நான் எழுதியிருந்த வடிவத்தில் அந்த வாக்கியம் எங்கும் இல்லை. அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தபோதுதான், இந்த நாவலை நான் சரியாகப் படிக்கவேயில்லை என்று தெரிந்தது.

முதலில் இரண்டாம் புத்தகம், ஆறாம் அத்தியாயம். துறவி ஸோஸிமாவின் அறை. சில நாட்களுக்கு முன் வேறோரிடத்தில் இவான் பேசியதை மியூஸோவ் என்ற தாராளவாதக் கனவான் ஒரு வேடிக்கைச் செய்தி மாதிரி எடுத்துச் சொல்கிறார். ஆன்மா அழியாதது என்ற நம்பிக்கையை மனிதனிடமிருந்து எடுத்துவிட்டால் ஒழுக்கக்கேடு என்று ஒன்று மிஞ்சாது, நரமாமிசம் தின்பது உட்பட எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிடும் என்பது இவானின் வாதமாம். பேச்சு கடவுள் இருப்பதைப் பற்றி அல்ல, அழியாமையைப் பற்றி. பேசுவதும் இவான் அல்ல. மியூஸோவ் முடித்தவுடன் மூத்தவன் மீத்யா குறுக்கிடுகிறான். தான் கேட்டது இதுதானா என்று தன் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்வதாகவும் சொல்கிறான். ஆக, வாசகன் அந்தக் கருத்தை முதன்முறை சந்திக்கும்போதே அது இரண்டு வாய்களில் புகுந்து வந்துவிட்டது.

ஐந்தாம் புத்தகம், ஐந்தாம் அத்தியாயம். மதவிசாரணை அதிகாரியின் கதையை இவான் சொல்லி முடித்த பிறகு, அல்யோஷா அந்தச் சொற்றொடரை நினைவூட்டுகிறான். இவானின் முகம் வெளுக்கிறது. மியூஸோவைப் புண்படுத்தியதும் மீத்யா அசட்டுத்தனமாகத் திருப்பிச் சொன்னதும் அதுதானே என்று சலித்துக்கொள்கிறான். ஆனால் மறுக்கவில்லை. மீத்யாவின் பாடம்கூட மோசமில்லை என்கிறான். பதிப்பு வேலையில் புழங்கும் ஒரு சொல்லைத்தான் மூலத்தில் அந்த இடத்தில் தாஸ்தாயெவ்ஸ்கி போட்டிருப்பதாக ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

பதினோராம் புத்தகம், நான்காம் அத்தியாயம். சிறையிலிருக்கும் மீத்யா, ராகீத்தினிடம் தான் கேட்டதை அல்யோஷாவிடம் விவரிக்கிறான். கடவுளும் இல்லை, மறுவாழ்வும் இல்லை என்றால் மனிதன் கதி என்ன, அப்படியானால் இனி எல்லாவற்றுக்கும் அனுமதிதானா என்று. என் வாக்கியத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் இது வாக்கியம் அல்ல, கேள்வி. கலங்கிப்போன ஒருவன் கேட்ட கேள்வி. நான் அதன் கேள்விக்குறியைப் பிடுங்கிவிட்டு, ஆசிரியரின் கையொப்பத்தை அங்கே ஒட்டியிருந்தேன்.

அதே புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம்தான் என்னை நிலைகுலைய வைத்தது. இவானின் மூன்றாவது வருகை. ஸ்மெர்த்யாகோவ் திருடிய பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, கொலையைத் தான் செய்ததாகச் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே என்று இவானிடமே கேட்கிறான். அடுத்த அத்தியாயத்தில் சைத்தான் வந்து, இவான் முன்பு இயற்றியதிலிருந்தே அவனுக்கு எடுத்துக்காட்டிக் கேலி செய்கிறது. பன்னிரண்டாம் புத்தகத்தில் அரசுத்தரப்பு வக்கீல், ஸ்மெர்த்யாகோவ் தன்னிடம் சொன்னதாக, அதே சொற்றொடரை நீதிமன்றத்தில் வைக்கிறார். அதாவது நாவல் முழுக்க ஒரு மேற்கோளின் யாத்திரை. ஒருவன் எங்கோ ஓர் அறையில் ஒரு நிபந்தனையோடு பேசியது, நிபந்தனையை உதிர்த்துவிட்டு, வாய்க்கு வாய் மாறி, கடைசியில் ஒரு கிழவனின் மண்டையில் இறங்குகிறது. ஸ்மெர்த்யாகோவ் செய்தது நான் செய்ததுதான். இடத்தைச் சொல்லாமல், யார் யாரிடம் சொன்னது என்று சொல்லாமல், சொன்னவனே சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

நான் அதை எங்கிருந்து எடுத்தேன்? நினைவைக் கிளறியபோது பதில் கிடைத்தது. 1945 அக்டோபரில் ஸார்த்தர் பாரிஸில் ஆற்றி, மறுவருஷம் புத்தகமாக வந்த சொற்பொழிவு. இருத்தலியம் மனிதநேயமே என்று வாதிடுவது. அதில் தாஸ்தாயெவ்ஸ்கி எழுதியதாகவே இந்தக் கருத்தை அவர் சொல்கிறார். பக்கம் இல்லை, நாவலின் பெயர்கூட இல்லை. சொற்பொழிவில் அதை யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1942-ல், ஸிஸிஃபஸ் பற்றிய புத்தகத்தில் காம்யு அந்தச் சொற்றொடரை இவான் கரமஸோவின் பெயரில்தான் தருகிறார். ஒரு சின்ன வித்தியாசம்தான். ஆனால் காம்யு ஒரு பாத்திரத்தோடு வாதாடுகிறார். ஸார்த்தர் ஒரு ஆசிரியரிடமிருந்து சூத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நம் சிற்றிதழ்களுக்குள் வந்து நிலைத்தது இரண்டாவது. நான் அதை ஸார்த்தரிடமிருந்து எடுத்து, நாவலிலிருந்து எடுத்ததாகக் காட்டியிருந்தேன். பிழை அங்கே மட்டும் இல்லை. அந்தக் காட்டல் ஒரு பொய்.

இந்தப் பொய்க்குத் தமிழ் எனக்குச் சௌகரியம் செய்துகொடுத்தது என்றும் தோன்றுகிறது. நம் 'என்று' இருக்கிறதே, அது பெருந்தன்மையான சொல். ஒருவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொன்னாலும் அது ஏற்றுக்கொள்ளும். சாரத்தைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். ஏட்டுச் சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. அது அச்சோடு வந்தது. வந்த பிறகு 'என்று' செய்யாத ஒரு வேலையை அது செய்யத் தொடங்கியது: இதற்குள் இருப்பது என் சொல் அல்ல என்ற உறுதிமொழி. நாம் குறியை எடுத்துக்கொண்டோம், உறுதிமொழியை எடுத்துக்கொள்ளவில்லை.

நம் உரையாசிரியர்கள் மேற்கோளின் ஊற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நச்சினார்க்கினியர் ஒரு வரியை எடுத்துக்காட்டிவிட்டு மேலே போய்விடுவார். கேட்பவனுக்கு மனப்பாடம் என்பது அவருடைய எண்ணம். அந்த மனப்பாட உலகம் மறைந்த பிறகு, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அந்தப் பெயரற்ற வரிகளின் சொந்தக்காரர்களைத் தேடி ஏடு ஏடாக அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலும் சேர்ந்துதான் 1889-ல் பத்துப்பாட்டாகவும் 1894-ல் புறநானூறாகவும் அச்சேறியது. உரையாசிரியர் வரியைச் சிதைக்காமல் தந்திருந்ததால்தான் தேடியவருக்கு அடையாளம் தெரிந்தது. ஊரைச் சொல்லாவிட்டாலும் முகத்தை மாற்றாமல் விட்டார்கள். நன்னூலிலும், பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம் சொல்லும் இடத்தில், முன்னோரின் பொருள் மட்டுமல்ல, அவர்களுடைய சொல்லும் போற்றத்தக்கது என்ற கருத்து வருகிறது.

செய்யுளுக்கு விலாசம் எளிது. குறளுக்கு எண் இருக்கிறது. மேல்நாட்டில் வசனத்துக்கும் விலாசம் எழுதியிருக்கிறார்கள். ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் 1551-ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் வசனங்களுக்கு எண் போட்டார். அவர் மகன் ஹென்ரி 1578-ல் பதிப்பித்த பிளேட்டோவின் பக்க எண்களையே இன்றும் எந்த மொழிபெயர்ப்பின் ஓரத்திலும் பார்க்கலாம். அரிஸ்டாட்டிலுக்கு 1831-ல் வந்த பெக்கர் பதிப்பு. ஷேக்ஸ்பியருக்கு வரி எண்ணோடு 1864-ல் வந்த குளோப் பதிப்பு. நாவலுக்கு மட்டும் யாரும் இதைச் செய்யவில்லை. பொழுதுபோக்குக்கான சரக்கு என்று நினைத்ததை யார் எண்ணிவைப்பார்கள்? மேற்கோள் காட்டத் தக்கது என்ற கௌரவம் நாவலுக்குப் பின்னால்தான் வந்தது. வந்தபோது ஒவ்வொரு பதிப்பிலும் பக்கம் வேறாயிருந்தது. அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கம் 1951-ல் நடைக்குறிப்பு ஒன்றை வெளியிட்டது. பிறகு வந்த அவர்களுடைய கைந்நூலின் 1984 பதிப்பு அடிக்குறிப்பைத் தள்ளிவிட்டு, மேற்கோளின் பக்கத்திலேயே ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் அடைப்புக்குள் போடச் சொன்னது. பல பதிப்புகள் கண்ட நாவல் என்றால் அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்று மாணவர்களிடம் கேட்கப்படும் 'பக்கம்?' இந்த வழியாக வந்தது. குமாஸ்தாத்தனம் என்று நானே ஒரு காலத்தில் ஏளனம் செய்திருக்கிறேன்.

குமாஸ்தாத்தனம் இல்லை என்பதற்கு ஒரு விமர்சகரின் கதை போதும். எஃப்.ஓ. மத்தியெஸன் 1941-ல் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற பெரிய நூலை எழுதினார். மெல்வில்லின் 'வெள்ளைச் சட்டை' நாவலில் கதைசொல்லி பாய்மரத்திலிருந்து கடலில் விழும் கட்டம் வருகிறது. ஆழத்தில் அவனை ஒரு மீன் உரசுகிறது. அந்த மீனுக்கு மெல்வில் கொடுத்த அடைமொழி, அழுக்குப் படிந்த என்று பொருள்படும் சொல். தூய்மையான கடலில் அழுக்கான மீனா? இந்த முரணில்தான் மெல்வில்லின் கற்பனை இருக்கிறது என்று மத்தியெஸன் நயம் சொன்னார். 1949-ல் ஜான் நிக்கோல் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். 1850-ன் முதற் பதிப்பில் அந்தச் சொல் 'சுருண்ட' என்று பொருள்படுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மத்தியெஸன் நம்பிய 1920-களின் கான்ஸ்டபிள் பதிப்பில் அச்சுக்கோத்தவர் செய்த பிழை. மத்தியெஸன் ரசித்தது மெல்வில்லை அல்ல, ஒரு அச்சுத் தொழிலாளியின் கைத்தவறுதலை.

ஆனால் இந்தக் கதையில் மத்தியெஸனை நான் பரிகசிக்க முடியாது. அவர் தன் முன் இருந்த புத்தகத்திலிருந்து சரியாகவே எடுத்தெழுதினார். அதனால்தான் இன்னொருவர் அந்தப் பதிப்பை முதற் பதிப்போடு ஒப்பிட்டு, பிழை எங்கே நுழைந்தது என்று சொல்ல முடிந்தது. என் பிழையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் யாருக்கும் வழி விட்டிருக்கவில்லை. ஹென்ரி ஜேம்ஸின் 'தூதர்கள்' 1903-ல் லண்டனிலும் நியூயார்க்கிலும் வந்தது. அமெரிக்கப் பதிப்பில் 28, 29 ஆம் அத்தியாயங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று 1950-ல் ராபர்ட் யங் எழுதினார். ஜேம்ஸே திருத்தி 1909-ல் வந்த பதிப்பிலும் அப்படியே இருந்தது; இடைப்பட்ட வருஷங்களில் விமர்சகர்கள் அந்த நாவலின் கட்டமைப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். 1992-ல் ஜெரோம் மக்கான், மாறியதாகச் சொல்லும் வரிசையே சரி என்று வாதித்தார். யார் சொல்வது சரி என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை. விவாதம் நடக்க முடிகிறது. ஒவ்வொருவரும் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டுப் பேசுவதால் முடிகிறது.

நம் நாவலின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து, 1896-ல் புத்தகமாயிற்று. ராஜம் ஐயர் 1898-ல் இறந்துவிட்டார். பின்னால் வந்த பதிப்புகள் எதையும் அவர் பார்க்கவில்லை. தொடர்கதையாகப் பிறந்து, புத்தகமாகி, எழுத்தும் சந்தியும் பத்தியும் யார் யாராலோ மாற்றப்பட்டு நம் கைக்கு வரும் நாவல்களிலிருந்து, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ஒரு வரியை எடுத்து ஆசிரியரின் நடையைப் பற்றிப் பேசிவிடுகிறோம். நடை ஆசிரியருடையதா, மெய்ப்புத் திருத்தியவருடையதா என்ற சந்தேகம்கூட எழுவதில்லை.

இன்னொரு சிக்கல் பதிப்பைச் சார்ந்ததல்ல. 1981-ல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புக'ளில் பேசுவது பாலு. அவன் எழுதுவது ஜே.ஜே.யைப் பற்றி. பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு வருகிறது. இதிலிருந்து ஒரு வரியை உருவி, சுந்தர ராமசாமி சொல்வதுபோல என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஜே.ஜே. சொன்னான், பாலு பதிவு செய்தான், சுந்தர ராமசாமி எழுதினார். மூன்றும் மூன்று வினைகள். மூன்றையும் ஒன்றாக்குகிறவன் நாவலை இல்லாமல் செய்துவிட்டுப் பொன்மொழிகளின் தொகுப்பு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான்.

பேத்திக்கு நான் எழுதிக் கொடுத்தது சுருக்கமானது. எந்தப் பதிப்பைப் படித்தாயோ அதை முதலில் சொல்லிவிடு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரை விடாதே. பக்கத்தோடு அத்தியாயத்தையும் போடு, வேறு பதிப்பு வைத்திருப்பவன் வந்து பார்க்கட்டும். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று ஒரு வரி எழுது. குறிக்குள் இருப்பதில் ஒரு சொல்லையும் மாற்றாதே. விட்ட இடத்தில் புள்ளி வை. புள்ளி வைத்த இடத்தில் 'ஆனால்' என்ற சொல் இருந்ததா என்று இன்னொரு முறை பார். சாரத்தைச் சொல்வதானால் குறி போடாதே, இடத்தை மட்டும் சொல். இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தால், அவர் எடுத்துக்காட்டியபடி என்று எழுது. அவர் தாத்தாவாக இருந்தாலும்.

மொழிபெயர்ப்பைச் சொல் என்றது சும்மா இல்லை. கார்னெட் இந்த இடங்களில் 'அனுமதிக்கப்பட்ட' என்பதற்குப் பதில் 'சட்டத்துக்கு உட்பட்ட' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போடுகிறார். ஆங்கில விவிலியத்தில் கொரிந்தியருக்கு பவுல் எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம், பன்னிரண்டாம் வசனத்தில் வரும் சொல் அது. ஆங்கில வாசகன் இவானுக்குள் பவுலைக் கேட்கிறான். தமிழ் விவிலியத்தில் அதே வசனத்தில் 'அதிகாரம்' என்று இருக்கிறது. 'அனுமதி' என்று எழுதிய எனக்கு அந்த எதிரொலி கேட்கவேயில்லை. ரஷ்ய மொழி அறியாத நான், இந்தக் கட்டுரையில் நாவலிலிருந்து எதையும் மேற்கோள் குறிக்குள் வைக்காததற்குக் காரணம் இதுதான்.

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, சிறையில் மீத்யா கேட்கும் கேள்வியை எடுத்துக்கொண்டாள். கேள்வி என்று வைத்துக்கொண்டதும் கட்டுரையின் போக்கே மாறிவிட்டது. அல்யோஷா ஏன் அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாள். என் பழைய கட்டுரையைவிட அது நல்ல கட்டுரை. தாஸ்தாயெவ்ஸ்கி பயத்தால் கடவுளிடம் போனார் என்ற என் முடிவுக்கு, ஆதாரத்தை எடுத்துவிட்ட பிறகு, நிற்க இடமில்லை. அவர் அந்தச் சூத்திரத்தை நம்பி எழுதியிருந்தால், அதைச் சொல்ல ஒரு கொலைகாரனைத் தேர்ந்தெடுத்திருப்பாரா என்ற கேள்வியை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

மறுப்பையும் திருத்தத்தையும் பிழை வெளியான இடத்திலேயே வெளியிடுவதுதான் முறை. அந்தப் பத்திரிகை இன்று இல்லை. படித்தவர்களில் பலரும் இல்லை. மிச்சமிருப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்ப்பவர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன். அந்தக் கட்டுரையில் தாஸ்தாயெவ்ஸ்கி சொன்னதாக நான் மேற்கோள் குறிக்குள் கொடுத்த வாக்கியம் அவருடையதல்ல. இவானுடையதாகக்கூட அந்த வடிவத்தில் இல்லை. குறியை நீக்கிவிட்டு, ஸார்த்தர் சொன்னதன் சாரம் என்று படிக்கவும். முடிவுரையைப் படிக்க வேண்டாம்.